கல்லாப்பெட்டி சட்டைப்பைக்கு வந்துவிட்டது



நம் பெரியவர்கள் காலத்தில் மளிகைக் கடையின் கல்லாப்பெட்டி தேக்கு மரத்தில் இருந்தது. அதன் சாவி முதலாளியின் அரைஞாண் கயிற்றில் தொங்கியது. சாப்பிடப் போகும்போதுகூட அதை அவிழ்த்து வேறு கையில் கொடுக்க மாட்டார்கள். 2016 நவம்பர் 8-ஆம் தேதி இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பு வந்தது. அதே ஆண்டில்தான் யு.பி.ஐ. முறையும் வந்திருந்தது. முதலில் ஜவுளிக்கடை, நகைக்கடை. பிறகு நம் மளிகைக் கடை. கொரோனாவுக்குப் பின் தள்ளுவண்டித் தக்காளிக்காரர் வரை அந்தக் கட்டம் போட்ட அட்டை வந்துவிட்டது. இப்போது கல்லா நம் சட்டைப்பையில் இருக்கிறது. ஆனால் அந்தக் கல்லாவில் பேரன் விளையாட்டு ஆடுகிறான். கடைப் பையன் பாட்டுக் கேட்கிறான். வீட்டில் இருப்பவர்கள் சமையல் குறிப்புப் பார்க்கிறார்கள். யாரும் சாவியைப் பற்றி யோசிப்பதில்லை.

கம்ப்யூட்டர் படித்தவர்களைப் போல இதை விளக்க நமக்குத் தெரியாது. பள்ளிப் படிப்போடு மண்டியில் வந்து உட்கார்ந்தவர் நாம். ஆனால் கோவையிலிருந்து பொள்ளாச்சி, பல்லடம், அவிநாசி வரை நம்மிடம் சரக்கு எடுப்பவர்கள் பலர். அவர்கள் வாயிலாக நாம் கேள்விப்பட்டதையும், விசாரித்துத் தெரிந்துகொண்டதையும் நம் பத்திரிகையில் எழுதி வைத்தால் நாலு பேருக்கு உதவும் என்று தோன்றியது.

சூலூர்ப் பக்கம் ஒரு மளிகைக்காரர். அவருக்குச் சென்ற ஆண்டு ஒரு போன் வந்தது. பேசியவர் பாதி இந்தி, பாதி தமிழ். தாம் விமானப்படை முகாமில் இருப்பதாகச் சொல்லி, பத்துச் சிப்பம் பொன்னி அரிசி, ஐந்து டின் எண்ணெய், இருபது கிலோ துவரம் பருப்பு கேட்டார். அடையாள அட்டையின் படத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். கடைக்காரர் சரக்கைக் கட்டி ஆட்டோவில் ஏற்றிவிட்டார். அப்புறம்தான் விஷயம் ஆரம்பித்தது. "எங்கள் அலுவலகக் கணக்கிலிருந்து பணம் வருவதற்கு ஒரு முறை இருக்கிறது. நான் ஒரு கோடு அனுப்புகிறேன், ஸ்கேன் செய்து ஒரு ரூபாய் போடுங்கள், இரண்டு ரூபாய் திரும்பி வரும்" என்றார். ஒரு ரூபாய் போனது, இரண்டு ரூபாய் வந்தது. கடைக்காரருக்கு நம்பிக்கை வந்துவிட்டது. அடுத்த கோடு சரக்கின் முழுத் தொகைக்கு வந்தது. அதை ஸ்கேன் செய்து பின் நம்பர் போட விரலை எடுத்தார். பக்கத்தில் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்த அவர் வீட்டுக்கார அம்மாள், "ஏனுங்க, பணம் நமக்கு வர்றதுக்கு நாம எதுக்குங்க பின்னு போடோணும்?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில் பணம் தப்பியது. எதிர்முனையில் இருந்தவர் அதன் பிறகு போனை எடுக்கவே இல்லை.

அந்த அம்மாள் கேட்டதுதான் முழு விஷயமும். பின் நம்பர் என்பது பணம் கொடுப்பதற்கு மட்டும். கோடு ஸ்கேன் செய்வதும் கொடுப்பதற்கு மட்டும். வாங்குகிறவன் சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும், பணம் தானாக வரும். முன்பெல்லாம் முகம் தெரியாதவர்கள் 'கலெக்ட்' என்ற கோரிக்கையை நம் போனுக்கு அனுப்பி, நாம் விவரம் புரியாமல் சம்மதம் கொடுத்தவுடன் பணத்தை எடுத்துக்கொண்டிருந்தார்கள். இந்தத் தொல்லை பெருகியதால், தனிநபர் ஒருவர் இன்னொருவரிடம் இப்படிப் பணம் கேட்கும் வசதியை 2025 அக்டோபர் 1 முதல் நேஷனல் பேமென்ட்ஸ் கார்ப்பரேஷன் நிறுத்திவிட்டது. கோடு அனுப்பி ஏமாற்றும் வேலை மட்டும் நிற்கவில்லை.

இதில் நமக்கு ஒரு வருத்தம் உண்டு. ராணுவம், விமானப்படை என்றால் நம் ஊர் மக்களுக்குத் தனி மரியாதை. அதைத்தான் அந்த ஆசாமி விலைக்கு விற்றான். ஆனால் வியாபாரக் கண்ணோடு பார்த்திருந்தால் முதல் நிமிடத்திலேயே பிடிபட்டிருப்பான். பத்துச் சிப்பம் அரிசி கேட்கிறவர் பழைய அரிசியா, புது அரிசியா என்று கேட்கவில்லை. விலை கேட்கவில்லை. ஐந்து ரூபாய் குறைத்துக் கொடுங்கள் என்று சொல்லவில்லை. நேரில் இப்படி ஒருவர் வந்து நின்றால் நம்மில் யாருமே சரக்கை இறக்க மாட்டோம். போனில் வந்தால் மட்டும் அந்த மூக்கு வேலை செய்யாமல் போய்விடுகிறது.

அடுத்தது, பணம் போட்டுவிட்டேன் என்று திரையைக் காட்டுவது. சனிக்கிழமை சாயங்காலம் கடையில் கூட்டம். போனைத் தூக்கிக் காட்டினால் பச்சை நிறத்தில் டிக் தெரிகிறது, தொகையும் நம் கடைப் பெயரும் தெரிகிறது. "ஆச்சுங்கண்ணா" என்று சொல்லிப் போய்விடுகிறார்கள். அச்சு அசலாக அப்படியே காட்டும் போலிச் செயலிகள் இருக்கின்றன. பணம் எங்கும் போயிருக்காது. அடுத்தவர் சிட்டையில் வரவு என்று எழுதியிருப்பதைப் பார்த்து நாம் என்றைக்காவது நம் பேரேட்டில் வரவு வைத்தது உண்டா? நம் போனில் வந்ததா, நம் சவுண்ட் பாக்ஸ் சொன்னதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். மாத வாடகை அதிகம் என்று சவுண்ட் பாக்ஸைத் திருப்பிக் கொடுத்த கடைக்காரர்களும் உண்டு. இரண்டு போலிச் சிப்பம் போனால் வருட வாடகை போன மாதிரிதான் என்று அவர்களிடம் சொல்வோம்.

கோட்டையே மாற்றி ஒட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசம் கஜுராஹோவில், கடைகள், பெட்ரோல் பங்க் போன்ற இடங்களில் வெளியே ஒட்டியிருந்த கோடுகளின் மேல் இரவோடு இரவாகத் தங்கள் கோட்டை ஒட்டிவிட்டுப் போனார்கள். வாடிக்கையாளர் ஸ்கேன் செய்தபோது வேறு பெயர் வந்ததால்தான் குட்டு வெளிப்பட்டது. ஆகவே கடை திறந்து சாம்பிராணி போட்டவுடன், வீட்டாருடைய போனில் நம் கோட்டை ஒரு முறை ஸ்கேன் செய்து பெயரைப் பார்த்துவிடுவது நல்லது. அட்டையை ஷட்டருக்கு வெளியே விடாமல், பூட்டும்போது உள்ளே எடுத்து வைக்கலாம்.

இனி வீட்டுக்குள் நடப்பது. தையும் ஆவணியும் வந்தால் நம் பக்கம் கல்யாணப் பத்திரிகை வாட்ஸ்அப்பில் குவிகிறது. 2024 நவம்பரில் இமாச்சலப் பிரதேசப் போலீசார் இதைப் பற்றித்தான் எச்சரிக்கை விடுத்தார்கள். பத்திரிகை என்று நினைத்துத் தொட்டால் அது படம் அல்ல, ஏ.பி.கே. என்று முடியும் ஒரு கோப்பு. அதைப் போனில் ஏற்றிவிட்டால், நமக்கு வரும் ஓ.டி.பி. குறுஞ்செய்திகளை எங்கோ இருப்பவன் படிப்பான். போக்குவரத்து அபராதம், வங்கி கே.ஒய்.சி. என்ற பெயர்களிலும் இதே கோப்பு வருகிறது. வெற்றிலை பாக்கோடு நேரில் வந்து அழைக்காத கல்யாணத்துக்கு அப்படி என்ன அவசரம்? தெரிந்த எண்ணிலிருந்து வந்தாலும், போன் போட்டுக் கேட்டுவிட்டுத் திறக்கலாம். அவர் போனே வேறு ஒருவன் கையில் சிக்கியிருக்கலாம்.

கேஸ் புக்கிங், கூரியர், வங்கி என்று எதற்காவது வாடிக்கையாளர் சேவை எண்ணை இணையத்தில் தேடி எடுப்பதும் ஆபத்து. மோசக்காரர்களே தங்கள் எண்ணை அங்கே போட்டு வைத்திருக்கிறார்கள். உதவி செய்வதாகச் சொல்லி எனிடெஸ்க் போன்ற செயலியை ஏற்றச் சொல்வார்கள். ஏற்றிவிட்டால் நம் திரை அப்படியே அவர்களுக்கும் தெரியும். ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே இதைப் பற்றி வங்கிகளை எச்சரித்தது. வங்கியின் எண் வேண்டுமென்றால் பாஸ்புத்தகத்திலோ ஏ.டி.எம். அட்டையின் பின்புறமோ பாருங்கள்.

அந்தியூர்ச் சந்தையில் மாட்டு விலையைத் துண்டுக்குள் விரல் பிடித்துப் பேசும் பழக்கம் உள்ள நாடு நம் கொங்கு நாடு. பக்கத்தில் நிற்பவனுக்குக்கூட விலை தெரியாது. ஆனால் பின் நம்பரைக் கடைப் பையனிடம் உரக்கச் சொல்லி "போட்டு விடு தம்பி" என்கிறவர்களை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். போனுக்குப் பூட்டே போடாதவர்களும் உண்டு. யு.பி.ஐ. லைட் என்ற வசதியை வைத்திருந்தால் 1000 ரூபாய் வரை பின் இல்லாமலே போகும். அதில் 5000 ரூபாய் வரை வைத்திருக்க முடியும். பூட்டாத போனில் அது திறந்து கிடக்கும் பணம். *#06# என்று அழுத்தினால் வரும் 15 இலக்க எண்ணைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். போன் திருட்டுப் போனால், 2023-ல் தொடங்கிய சஞ்சார் சாத்தி தளத்தில் அந்த எண்ணைக் கொண்டு போனையே முடக்கலாம்.

இதெல்லாம் விவரம் தெரியாதவர்களுக்குத்தான் நடக்கும் என்று நினைக்க வேண்டாம். லூதியானாவின் வர்த்தமான் குழுமத் தலைவர் எஸ்.பி. ஓஸ்வால் என்றால் நம் கோவை நூற்பாலைக்காரர்களுக்குத் தெரியும். 2024 ஆகஸ்டில் சி.பி.ஐ. என்று சொல்லி அவரை வீடியோவில் பிடித்துவைத்து, போலி உச்ச நீதிமன்ற விசாரணையே நடத்திக் காட்டி, 7 கோடி ரூபாய் பறித்தார்கள். உடனே புகார் கொடுத்ததால் 5 கோடியே 25 லட்சம் மீட்கப்பட்டது. 'டிஜிட்டல் கைது' என்று சட்டத்தில் ஒன்றும் இல்லை என்று அதே ஆண்டு அக்டோபரில் பிரதமரே வானொலியில் சொன்னார்.

மீட்கப்பட்டதற்குக் காரணம் வேகம். பணம் போய்விட்டது என்று தெரிந்த அந்த நிமிடமே 1930 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும். 2021-ல் 155260 என்ற எண்ணோடு ஆரம்பித்து, பிறகு 1930 ஆன உதவி எண் இது. நம் வங்கியின் பெயர், கணக்கு எண், தொகை, நேரம், பரிவர்த்தனையின் 12 இலக்க எண் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால், பணம் போய்ச் சேர்ந்த வங்கியில் அதை நிறுத்தி வைப்பார்கள். அங்கிருந்து எடுத்துவிட்டால் சிரமம். பையனிடம் கேட்டுக்கொள்ளலாம், நாளை ஆடிட்டரைப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடுகிறவர்கள் பணத்தை விட்டுவிடுகிறார்கள். வெட்கப்பட்டு வெளியே சொல்லாமல் இருப்பவர்கள் இன்னும் அதிகம். நாடு முழுவதும் 2024-ஆம் ஆண்டில் இப்படிப் போன தொகை 22,845 கோடி ரூபாய் என்று நாடாளுமன்றத்தில் அரசே சொல்லியிருக்கிறது. சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்திலும் புகார் பதியலாம். வங்கிக்கும் எழுத்து மூலம் தெரிவித்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புதல் வாங்க வேண்டும்.

இதே 1930-க்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. வியாபாரிகளாகிய நாம் அதைத்தான் அதிகம் தெரிந்துகொள்ள வேண்டும். பல்லடம் சாலையில் எண்ணெய், மாவு வியாபாரம் செய்யும் ஓர் அன்பர் மில்லுக்குக் கொடுத்த செக் ஒரு நாள் திரும்பிவிட்டது. கணக்கில் 6 லட்சத்துக்கு மேல் இருந்தது. வங்கிக்கு ஓடிக் கேட்டால், வட மாநிலப் போலீசார் சொன்னதன்பேரில் கணக்கை நிறுத்தியிருப்பதாகச் சொன்னார்கள். காரணம் மூன்று வாரத்துக்கு முன் வந்த 8000 ரூபாய். யோசித்துப் பார்த்தபோது நினைவுக்கு வந்தது. ஓர் இளைஞர் கடைக்கு வந்து, "அண்ணா, ஏ.டி.எம்.ல பணம் இல்லீங்க, ஆஸ்பத்திரிக்கு வேணும், ஜிபே போட்டர்றன், கையில காசு குடுங்கண்ணா" என்று கேட்டிருக்கிறார். இவரும் இரக்கப்பட்டுக் கொடுத்திருக்கிறார். அது எங்கோ ஒருவரிடம் பறித்த பணம். நாலைந்து கணக்குகளில் மாற்றி மாற்றிப் போட்டு, கடைசியில் ரொக்கமாக எடுக்க நம் கடையைப் பயன்படுத்திக்கொண்டார்கள். பறிகொடுத்தவர் 1930-ல் சொன்னதும் பணம் போன வழியில் இருந்த கணக்குகள் எல்லாம் நின்றன.

சரக்கு விற்று வந்த பணமாக இருந்தால் பில்லைக் காட்டலாம். இங்கே பில் இல்லை, சரக்கும் இல்லை. வாங்கியவர் பெயர்கூடத் தெரியாது. அவருக்குக் கணக்குத் திறக்கப் பதினொரு வாரம் ஆயிற்று. அதுவரை மில்காரர்களிடம் ரொக்கம் கொடுத்துச் சரக்கு எடுத்தார். ஆகவே, கேட்கிறவர் எவ்வளவு பாவமாகத் தெரிந்தாலும், முகம் தெரியாதவருக்கு ஜிபே வாங்கிக்கொண்டு ரொக்கம் கொடுப்பது வேண்டாம். நம் கடைத் தம்பிகளிடமும், கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளிடமும் சொல்லி வைக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. "உன் வங்கிக் கணக்கைக் கொடு, மாதம் கமிஷன் தருகிறோம்" என்று ஆள் பிடிக்கிறார்கள். போலீஸ் முதலில் தேடி வருவது அந்தக் கணக்குக்குச் சொந்தக்காரரைத்தான்.

கணக்கு நின்றுவிட்டால் வங்கியில் சண்டை போட்டுப் பயனில்லை. எந்த மாநிலக் காவல் நிலையம், புகார் எண் என்ன, எந்தப் பரிவர்த்தனை, எவ்வளவு தொகை என்பதை வங்கியிடம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். பில், ஜி.எஸ்.டி. விவரம், லாரி ரசீது ஆகியவற்றை இணைத்து அந்தக் காவல் நிலையத்துக்கும் வங்கிக்கும் மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், சந்தேகத்துக்குரிய தொகையை மட்டும் ஒதுக்கி வைத்துவிட்டுக் கணக்கை இயக்க அனுமதிக்க வேண்டும் என்று உத்தரவிட்டிருக்கிறது. வக்கீல் மூலம் எழுதும்போது அதைக் குறிப்பிடச் சொல்லுங்கள்.

கடைக் கோட்டுக்கென்று தனியாக ஒரு கணக்கு வைத்துக்கொள்வது இன்னொரு வழி. அன்றாடம் சாயங்காலம் அதில் சேர்ந்ததை முதல் போட்ட கணக்குக்கு மாற்றிவிட்டால், சிக்கல் வந்தாலும் ஒரு நாள் வசூலோடு போகும் வாய்ப்பு அதிகம். பல்லடம் சாலை அன்பர் இப்போது அப்படித்தான் செய்கிறார். கல்லாவுக்கு மேலே நாட்காட்டிக்குப் பக்கத்தில் 1930 என்று சிவப்பு மையில் எழுதி ஒட்டியும் வைத்திருக்கிறார்.