தலைமாட்டில் ஒரு நோட்டு

ஆடி மாதம். தெருமுனைக் கோயிலில் மைக் செட் கட்டியாயிற்று. இரவு பதினொன்றரை ஆகியும் கூம்பு ஒலிபெருக்கி ஓயவில்லை. தொட்டில் குழந்தை திடுக்கிட்டு எழுகிறது. விடிகாலை ஷிப்டுக்குப் போகவேண்டியவர் புரண்டு படுக்கிறார். “சாமி காரியம், போய் எப்படிச் சொல்றது?” என்று வீட்டுப் பெரியவர் வாயை மூடிக்கொள்கிறார்.

சொல்லலாம். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக்களுக்கு மாநில அரசு விலக்கு அளிக்கலாம். அதுவும் ஆண்டுக்கு 15 நாள்களுக்கு மேல் போகாமல், நள்ளிரவு 12 மணி வரைதான். குடியிருப்புப் பகுதியில் இரவு ஒலி அளவின் வரம்பு 45 டெசிபல். அவசரம் இல்லாமல் அங்கே இரவில் ஹாரன் அடிப்பதும் தவறு. நிம்மதியான தூக்கம் அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று 2012-இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

சத்தம் கேட்கும்போதே 100 அல்லது 112-க்கு அழையுங்கள். தொடர்ந்து நடந்தால் தேதி, நேரம், செல்போனில் எடுத்த வீடியோ ஆகியவற்றோடு டி.எஸ்.பி.யிடமோ, மாநகரமானால் காவல் ஆணையரிடமோ மனு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ரசீது வாங்குங்கள். ஒருவர் போனால் ஊர்ப்பகை என்பார்கள்; பத்து வீட்டார் கையெழுத்திட்டால் அது தெருவின் கோரிக்கை.

தெரு அடங்கியும் விழிப்பு வருகிறதா? காரணம் உடம்புக்குள் இருக்கலாம். அதைப் பக்கத்தில் படுப்பவரிடம் கேளுங்கள். பலத்த குறட்டை, நடுவில் மூச்சு நிற்பது, பிறகு திணறி எழுவது என்றால் தூக்கத்தில் மூச்சுத்தடையாக இருக்கக்கூடும். கவனிக்காமல் விட்டால் ரத்த அழுத்தம், இதய நோய், பக்கவாதம், வண்டி ஓட்டும்போது கண்ணயர்வது என்று ஆபத்து நீளும். நுரையீரல் அல்லது காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். தூக்கப் பரிசோதனையில் உறுதியானால், மூச்சுப் பாதையைத் திறந்து வைக்கும் சிபாப் கருவி பலருக்கும் கைகொடுக்கிறது. இரவில் இரண்டு மூன்று முறை சிறுநீர் கழிக்க எழுபவர்கள் சர்க்கரையைச் சோதிக்க வேண்டும். வயதான ஆண்கள் புராஸ்டேட்டையும்.

கடையில் கேட்டு வாங்கும் தூக்க மாத்திரை தீர்வல்ல. அல்பிரசோலம், டயாசிபம் போன்றவை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவை. விற்ற விவரத்தைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். பழகிவிட்டால் விடுவது கடினம். மூச்சுத்தடை உள்ளவருக்கு இவை கூடுதல் ஆபத்து. முதியவர்கள் இரவில் தடுமாறி விழவும் காரணமாகின்றன. ஏற்கெனவே தினமும் போடுகிறவர்கள் திடீரென்று நிறுத்தாமல் மருத்துவர் சொல்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

மாத்திரைக்கு முன்னால் செய்துபார்க்க வேண்டியவை உண்டு. மாலைக் காபி, டீயை விடுங்கள். எப்போது படுத்தாலும் ஒரே நேரத்தில் எழுந்திருங்கள். ஏறக்குறைய இருபது நிமிடமாகத் தூக்கம் பிடிக்கவில்லை என்று தோன்றினால் எழுந்து மங்கிய வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்து, கண்ணைச் சுழற்றும்போது மறுபடி படுங்கள். இரவில் ஓரிரு முறை லேசாக விழிப்பது இயல்புதான்; ‘ஐயோ, மணி மூணாச்சே’ என்று கடிகாரத்தைப் பார்ப்பதுதான் மிச்சத் தூக்கத்தையும் விரட்டுகிறது. மனக்கவலை காரணமென்றால் அரசின் டெலி மானஸ் எண் 14416-இல் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

இன்றே தலைமாட்டில் ஒரு நோட்டு வையுங்கள். எத்தனை முறை விழித்தீர்கள், எழுப்பியது எது, எத்தனை மணிக்குக் காபி குடித்தீர்கள் என்று காலையில் இரண்டு வரி, இரண்டு வாரத்துக்கு எழுதினால் போதும். ஒலிபெருக்கிதான் எழுப்பியது என்றால் அந்த நோட்டு காவல் நிலையத்துக்குப் போகட்டும். மூச்சுத் திணறலோ சிறுநீரோ என்றால் மருத்துவரிடம் போகட்டும்.