டிவி பாட்டிக்கு, விளையாட்டு பிள்ளைக்கு: 'போர்ட்டல்' வாங்குமுன் வீட்டு வைஃபையைச் சோதித்துப் பாருங்கள்

இரவு 9 மணி. வரவேற்பறையில் இருப்பது ஒரே தொலைக்காட்சி. பாட்டிக்குத் தொடர் பார்க்க வேண்டும். அப்பாவுக்குச் செய்தி. மூத்த மகனுக்கோ பாதியில் நிற்கும் பிளேஸ்டேஷன் விளையாட்டு. "தம்பி, போதும்டா, பாட்டிக்கு நாடகம் ஆரம்பிச்சிருச்சு" என்று அம்மா சமையலறையிலிருந்து குரல் கொடுப்பார். "இன்னும் பத்து நிமிஷம்மா" என்று பதில் வரும். அந்தப் பத்து நிமிடம் எப்போது முடியும் என்பது எல்லா வீட்டுக்கும் தெரிந்த கதைதான்.

இந்தச் சண்டைக்குத் தீர்வாகப் பல இளைஞர்கள் பெற்றோரிடம் கேட்கும் பொருள் 'பிளேஸ்டேஷன் போர்ட்டல்'. 8 அங்குலத் திரை, அதன் இரு பக்கமும் பிஎஸ்5 கைப்பிடியை இரண்டாகப் பிளந்து ஒட்டியது போன்ற வடிவம். சோனி நிறுவனம் 2023 நவம்பர் 15-இல் இதை அமெரிக்கா, பிரிட்டன் போன்ற நாடுகளில் விற்பனைக்கு விட்டது. அப்போது அமெரிக்க விலை 199.99 டாலர். நம் பணத்தில் பல நூறு ரிங்கிட் ஆகிறது. பகுதி நேர வேலை பார்த்துச் சேர்க்கும் மாணவருக்கும், மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் பெற்றோருக்கும் இது சின்னத் தொகை கிடையாது. ஆகவே, அந்தக் கருவி என்ன செய்யும், என்ன செய்யாது என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது.

கையில் இருப்பது திரை மட்டுமே

முதலில் தெளிவாக வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. போர்ட்டலுக்குள் எந்த விளையாட்டும் பதிவாவதில்லை. அது பிஎஸ்5-க்குப் பதிலாக வாங்கும் பொருளும் இல்லை. வீட்டில் பிஎஸ்5 இருந்தால்தான் அதற்கு வேலை. விளையாட்டு ஓடுவது வரவேற்பறையில் இருக்கும் பிஎஸ்5-இல். அதன் படம் மட்டும் வைஃபை வழியாகக் கைக்கு வந்து சேர்கிறது.

ஒரு பொத்தானை அழுத்தும்போது நடப்பது இதுதான். அந்தச் செய்தி வைஃபையில் ஏறி ரவுட்டருக்குப் போகிறது. ரவுட்டர் அதைப் பிஎஸ்5-க்குத் தருகிறது. பிஎஸ்5 அடுத்த காட்சியை வரைந்து, அதைச் சிறிதாகச் சுருக்கி, மறுபடியும் ரவுட்டருக்கு அனுப்புகிறது. ரவுட்டர் அதைப் போர்ட்டலுக்குத் தள்ளுகிறது. போர்ட்டல் சுருக்கத்தை விரித்துத் திரையில் காட்டுகிறது. ஒரு வினாடிக்கு 60 காட்சிகள் வரை இப்படி வர வேண்டும். அதாவது, ஒரு காட்சிக்குக் கிடைக்கும் நேரம் ஒரு வினாடியில் 60-இல் ஒரு பங்கு.

வழியில் எங்காவது தடங்கல் வந்தால் படம் கட்டம் கட்டமாகக் கலங்கும், குரல் அறுபடும், பொத்தானை அழுத்திச் சற்று நேரம் கழித்தே வீரர் குதிப்பார். அப்போது பலரும் கருவியைத்தான் குறை சொல்கிறார்கள். பெரும்பாலும் தவறு இருப்பது வீட்டு வைஃபையில்.

இந்த யோசனை புதிதல்ல. 2006-இல் பிஎஸ்3 வந்தபோதே சோனி, பிஎஸ்பி என்ற கையடக்கக் கருவியில் இதைத் தொடங்கியது. 2012-இல் நிண்டெண்டோவின் வீ யூ, திரையுள்ள கைப்பிடியுடன் வந்தது. அந்தக் கைப்பிடி ரவுட்டரை நம்பவில்லை. பெட்டியுடன் நேரடியாகப் பேசியது. அதனால் படம் சீராக வந்தது, ஆனால் பெட்டியிலிருந்து தள்ளிப் போனால் துண்டித்துக்கொள்ளும். போர்ட்டல் ரவுட்டர் வழியாகப் போவதால் வீடு முழுவதும் எட்டுகிறது. அதே காரணத்தால் ரவுட்டரின் நிலைமை எப்படியோ, விளையாட்டின் நிலைமையும் அப்படியே.

சுவரும் கண்ணாடியும் செய்யும் வேலை

நம் ஊர் வரிசை வீடுகளில் இணையக் கம்பி வாசல் பக்கம்தான் உள்ளே வரும். ரவுட்டரும் அங்கேயே, பல வீடுகளில் தொலைக்காட்சிக்குப் பின்னால் அலமாரிக்குள் ஒளிந்திருக்கும். பிள்ளை விளையாட நினைக்கும் அறையோ பின்கட்டில். நடுவில் இரண்டு மூன்று செங்கல் சுவர்கள், குளிர்சாதனப் பெட்டி, பீரோவின் நிலைக்கண்ணாடி, சில வீடுகளில் மீன் தொட்டி. சுவரும் உலோகமும் தண்ணீரும் வைஃபை அலையைத் தடுக்கும்.

ரவுட்டர்கள் இரண்டு அலைவரிசைகளில் பேசுகின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், சுவரையும் ஓரளவு தாண்டும். ஆனால் அதில் நெரிசல் அதிகம். அக்கம் பக்கத்து வீட்டு ரவுட்டர்களும், மைக்ரோவேவ் அடுப்பும், புளூடூத் கருவிகளும் அதே இடத்தில்தான் சத்தம் போடுகின்றன. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, நெரிசல் குறைவு. ஆனால் இரண்டு சுவருக்கு மேல் தளர்ந்துவிடும். ரவுட்டர் இருக்கும் அறையிலும் பக்கத்து அறையிலும் விளையாடுபவர் 5 கிகாஹெர்ட்ஸில் இணைவது நல்லது.

இன்னொரு கணக்கும் உண்டு. பிஎஸ்5-ம் வைஃபையில், போர்ட்டலும் வைஃபையில் என்றால் ஒரே படம் காற்றில் இரண்டு முறை பயணம் செய்கிறது: பெட்டியிலிருந்து ரவுட்டருக்கு ஒரு முறை, ரவுட்டரிலிருந்து கைக்கு ஒரு முறை. பிஎஸ்5-ஐ ரவுட்டருடன் கம்பியால் இணைத்துவிட்டால் ஒரு பயணம் குறைந்துவிடும். 'கேட் 5இ' வகை இணையக் கம்பி ஒன்றே போதும். போர்ட்டலின் விலையோடு ஒப்பிட்டால் கம்பியின் விலை மிகச் சொற்பம். பல வீடுகளில் பெரிய மாற்றத்தைக் கொண்டுவருவதும் அதுதான். ரவுட்டரை அலமாரியிலிருந்து வெளியே எடுத்து உயரமான இடத்தில் வைப்பதற்குச் செலவே இல்லை.

பணம் கொடுக்குமுன் இலவசச் சோதனை

போர்ட்டல் செய்யும் அதே வேலையைச் செய்யும் 'பிஎஸ் ரிமோட் பிளே' செயலி கைப்பேசிக்கும் கணினிக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. அதைக் கொண்டு வீட்டைச் சோதித்துப் பார்க்கலாம்.

பிஎஸ்5-இன் அமைப்புகளில் 'சிஸ்டம்' பகுதிக்குச் சென்று 'ரிமோட் பிளே'யை இயக்க வேண்டும். பிறகு அதே 'சிஸ்டம்' பகுதியின் மின்சேமிப்புப் பிரிவில், ஓய்வு நிலையிலும் இணையத்துடன் இணைந்திருக்கவும், இணையம் வழியாகப் பெட்டியை எழுப்பவும் அனுமதி தர வேண்டும். கைப்பேசியில் செயலியை இறக்கி, பிஎஸ்5-இல் உள்ள அதே கணக்கில் நுழைய வேண்டும். வீட்டில் இருக்கும் கைப்பிடியைப் புளூடூத் வழியாகக் கைப்பேசியுடன் இணைத்துக்கொள்ளலாம்.

எங்கே உட்கார்ந்து விளையாடப் போகிறீர்களோ அங்கேயே சோதிக்க வேண்டும். நேரமும் முக்கியம். மதியம் 3 மணிக்கு வீட்டில் யாரும் இல்லாதபோது நன்றாக ஓடுவது, இரவு 9 மணிக்கு எல்லாரும் கைப்பேசியில் காணொளி பார்க்கும்போது தடுமாறலாம். மூன்று நாள் இரவில் அரை மணி நேரம் விளையாடிப் பாருங்கள். கைப்பேசியில் சரியாக ஓடினால் போர்ட்டலிலும் ஓடும் என்று பெரும்பாலும் நம்பலாம். கைப்பேசியில் தடுமாறினால், புதிய கருவி அதைச் சரிசெய்யாது. முதலில் கம்பியையும் ரவுட்டரின் இடத்தையும் கவனியுங்கள்.

சோதித்த பிறகு, கைப்பேசியே போதும் என்று சிலருக்குத் தோன்றலாம். அப்படியானால் அந்தப் பணம் மிச்சம். பெரிய திரையும், கைப்பிடியின் அதிர்வும், விசைகள் தரும் அழுத்த உணர்வும் வேண்டும் என்பவருக்கே போர்ட்டல்.

தோட்டப்புற வீடுகளுக்கு

கண்ணாடி இழை இணையம் இன்னும் எட்டாத தோட்டங்களில், சிம் அட்டை போட்ட மோடம்தான் பல குடும்பங்களுக்கு இணையம். அங்கே ரிமோட் பிளே ஓடுமா என்று கேட்பவர் உண்டு. பிஎஸ்5-ம் கையில் உள்ள கருவியும் ஒரே ரவுட்டரில் இருந்தால், படம் வீட்டுக்குள்ளேயே சுற்றி வருகிறது. கோபுரத்துக்குப் போய்த் திரும்புவதில்லை. கணக்கில் நுழையவும் இணைப்பைத் தொடங்கவும் இணையம் தேவை. ஆகவே, வெளி இணையம் மெதுவாக இருந்தாலும் வீட்டுக்குள் விளையாட வாய்ப்பு உண்டு.

வீட்டுக்கு வெளியே நிலைமை வேறு. சோனி குறைந்தது 5 எம்பிபிஎஸ் வேகம் கேட்கிறது. நன்றாக ஓட 15 எம்பிபிஎஸ் பரிந்துரைக்கிறது. 15 எம்பிபிஎஸ் வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ 6.75 ஜிபி கரையும். 5 எம்பிபிஎஸ் என்றாலும் 2.25 ஜிபி. கைப்பேசியின் டேட்டாவைப் பகிர்ந்து விளையாடுபவர் இதைக் கணக்கில் வைக்க வேண்டும். அதோடு, வீட்டு இணையத்தின் பதிவேற்ற வேகமும் தாங்க வேண்டும், ஏனெனில் படம் வீட்டிலிருந்துதான் வெளியே வருகிறது. சிம் மோடம்களில் பெரும்பாலும் பலவீனமாக இருப்பது அந்தப் பதிவேற்றமே.

இணையத்தில் போர்ட்டல் பற்றிப் படிக்கும்போது, பிஎஸ்5 இல்லாமலே 'கிளவுட்' வழியாக விளையாடலாம் என்று பார்த்திருப்பீர்கள். அது 'பிஎஸ் பிளஸ் பிரீமியம்' சந்தாவுக்கு உரியது. 2022-இல் சந்தாக்கள் மாற்றி அமைக்கப்பட்டபோது நம் வட்டாரத்துக்குத் தரப்பட்டது 'டீலக்ஸ்' நிலை. அதில் கிளவுட் வசதி சேர்க்கப்படவில்லை. அதை நம்பிப் பிஎஸ்5 இல்லாத வீட்டுக்குப் போர்ட்டல் வாங்கிவிடாதீர்கள்.

வீட்டாருக்கும் சொல்லி வையுங்கள்

அறைக்குள் பிள்ளை விளையாடும்போது வரவேற்பறையில் பெட்டி ஓடிக்கொண்டிருக்கும். தொலைக்காட்சியில் நாடகம் போவதால், பெட்டி சும்மா கிடப்பதாக நினைத்து யாராவது சுவிட்சை அணைக்கலாம். தூசு படியாமல் இருக்கத் துணி போட்டு மூடலாம். பிஎஸ்5 ஓடும்போது நன்றாகச் சூடாகும், மூடினால் ஆபத்து. வெள்ளை விளக்கு எரிந்தால் ஓடுகிறது, ஆரஞ்சு விளக்கு என்றால் ஓய்வில் இருக்கிறது என்று பாட்டி வரை எல்லாருக்கும் காட்டிக் கொடுப்பது நல்லது. இரண்டு நிலையிலும் மின்சாரத்தைத் திடீரென்று துண்டித்தால் பதிவுகள் கெட்டுப்போகலாம்.

இடி மின்னல் நேரத்தில் பிளக்கைக் கழற்றும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு, நல்ல பழக்கம்தான். ஆனால் முழுதாக அணைத்த பெட்டியைப் போர்ட்டலால் எழுப்ப முடியாது. மழை விட்டதும் யாராவது போய்ப் பெட்டியை இயக்க வேண்டும்.

சில வீடுகளில் இன்னொரு வேடிக்கை நடக்கும். பிள்ளை அறையிலிருந்து பெட்டியை எழுப்பியதும், நாடகம் ஓடும் தொலைக்காட்சி தானாகவே பிஎஸ்5-க்கு மாறிவிடும். சண்டையைத் தீர்க்க வாங்கிய கருவியே புதுச் சண்டையைக் கிளப்பும். பிஎஸ்5 அமைப்புகளில் 'எச்டிஎம்ஐ' பகுதியில் உள்ள 'ஒன் டச் பிளே'யை அணைத்துவிட்டால் இது நிற்கும்.

போர்ட்டலில் புளூடூத் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். சாதாரண கம்பியில்லாக் காதொலிப்பான்கள் அதில் இணையாது. சோனியின் தனி வகை வேண்டும், அல்லது கம்பி உள்ள பழைய காதொலிப்பான் போதும். அதற்கான துளை இருக்கிறது. யூடியூப் போன்ற செயலிகளையும் அதில் நிறுவ முடியாது. மேலும், ஒரு பெட்டியில் ஒரு நேரத்தில் ஒரு விளையாட்டுதான். அண்ணன் அறையில் போர்ட்டலில் விளையாடும்போது, தங்கை வரவேற்பறையில் வேறொரு விளையாட்டைத் தொடங்க முடியாது.

எல்லா விளையாட்டும் இதற்குப் பொருந்தாது. கதை சொல்லும் விளையாட்டுகள், முறை வைத்து ஆடுபவை, பண்ணை வளர்ப்பவை ஆகியவற்றில் சிறு தாமதம் உறுத்தாது. கண் இமைக்கும் நேரத்தில் வெற்றி தோல்வி முடிவாகும் சண்டை, துப்பாக்கி விளையாட்டுகளில் உறுத்தும். இணையத்தில் பிறருடன் போட்டியிடுபவர் தொலைக்காட்சி முன் உட்காருவதே மேல்.

கதவுக்குப் பின்னால்

வரவேற்பறையில் விளையாடும்போது பெற்றோருக்கு ஒரு காவல் இலவசமாகக் கிடைத்து வந்தது. என்ன விளையாடுகிறான், எவ்வளவு நேரம் விளையாடுகிறான் என்பது போகிற வருகிற எல்லார் கண்ணிலும் பட்டது. பாட்டிக்கு நாடகம் வேண்டும் என்பதே ஒரு நேரக் கட்டுப்பாடாக இருந்தது. போர்ட்டல் வந்ததும் அந்தக் காவல் போய்விடுகிறது. போர்வைக்குள் இரவு 2 மணி வரை விளையாடினாலும் வெளியே தெரியாது. எஸ்பிஎம் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை உள்ள வீட்டில் இது சிறிய விஷயம் இல்லை.

இதற்குக் கருவியிலேயே வழி இருக்கிறது. பிஎஸ்5-இல் பெற்றோர் குடும்ப நிர்வாகியாக இருந்து, பிள்ளைக்குத் தனிக் கணக்குத் திறந்தால், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், எந்த நேரத்துக்குள், எந்த வயதுக்குரிய விளையாட்டு என்று வரையறுக்கலாம். கட்டுப்பாடு கணக்கோடு இருப்பதால் தொலைக்காட்சியிலும் கையடக்கத் திரையிலும் ஒன்றுபோலவே செல்லும். அப்பாவின் கணக்கிலேயே பிள்ளையும் விளையாடினால் இந்த வசதி பயன்படாது. பெட்டி புதிதாக வரும்போதே தனிக் கணக்கு திறப்பது எளிது.

மகன் போர்ட்டல் கேட்டால், உடனே மறுக்கவும் வேண்டாம், உடனே கடைக்குப் போகவும் வேண்டாம். இன்றிரவு அவனுடைய அறையில், கைப்பேசியில் அந்த இலவசச் செயலியைப் போட்டு விளையாடிக் காட்டச் சொல்லுங்கள். படம் தடுமாறினால் நாளை வாங்க வேண்டியது இணையக் கம்பி. சீராக ஓடினால், விளையாடும் நேரத்தைப் பேசி முடித்துவிட்டுக் கருவியைப் பற்றி யோசிக்கலாம்.