ஓடிபியைச் சொல்லவே இல்லை. பணம் எப்படிப் போனது?

வண்ணாத்திவில்லில் இருக்கும் உங்களுக்கு வங்கியிலிருந்து என்று ஒருவர் அழைத்து, "போனில் எனிடெஸ்க் செயலியைப் போடுங்கள்" என்கிறார். அது வைரஸ் இல்லை. தூரத்திலிருந்தே கணினி திருத்த உதவும் நல்ல மென்பொருள். பிறகு எப்படித் திருட்டு?

மரமுந்திரித் தோட்டத்து வேலி எவ்வளவு பலமானாலும், படலையை நாமே திறந்துவிட்டால்?

செயலி காட்டும் எண்ணைச் சொல்லி, கேட்கும் அனுமதிகளையும் கொடுத்ததும் உங்கள் திரை அவருக்கும் தெரியும். ஓடிபியை நீங்கள் சொல்ல வேண்டியதில்லை, அவரே வாசிப்பார். கூடுதல் அனுமதி கிடைத்தால், உங்கள் விரலுக்குப் பதிலாக அவரே திரையை இயக்குவார். எல்லாம் உங்கள் போனிலிருந்தே நடப்பதால் வங்கி சந்தேகிப்பதும் கடினம்.

இந்திய ரிசர்வ் வங்கி 2019 பெப்ரவரியிலேயே இதுபற்றி எச்சரித்தது.

அகப்பட்டுவிட்டீர்களா? முதலில் இணையத்தை நிறுத்துங்கள். அட்டையின் பின்புறமுள்ள வங்கி எண்ணுக்கு உடனே அழையுங்கள்.