பயம் ஏன் உடனே போவதில்லை?

ஆபத்தில் நம்மைக் காப்பது கார்டிசால் என்ற சுரப்புநீர். அது ஓயாமல் சுரந்தால், பிரேக் விடாத சக்கரம் சூடேறுவதுபோல மூளைக்கும் கேடு.

பெங்களூரில் சுமந்திர சட்டர்ஜி குழுவினர் எலிகளைத் தினமும் 2 மணி நேரம், 10 நாட்கள் அசையவிடாமல் அடைத்துவைத்தனர். நினைவாற்றலுக்கான ஹிப்போகேம்பஸில் நரம்புக் கிளைகள் சுருங்கின. அச்சத்துக்கான அமிக்டலாவில் பெருகின (2002). 21 நாள் ஓய்வுக்குப் பிறகும் அமிக்டலா பழைய நிலைக்குத் திரும்பவில்லை. பயமும் தணியவில்லை (2004).

மனிதருக்கு ஏளனமும் அதே கார்டிசாலைச் சுரக்கவைக்கும். மாற்றலாகி வந்த ஊரில், மொழி தெரியாமல் வகுப்பில் கேலிக்கு ஆளான பிள்ளை, கேலி நின்ற பிறகும் பள்ளிக்குப் போக அஞ்சலாம். பெற்றோர்களே, “இன்னும் என்ன பயம்?” என்று அதட்டாதீர்கள். அவகாசம் கொடுங்கள், விளையாடத் துணை தேடிக் கொடுங்கள்.