குமிழி விடாத மூச்சு: ரீபிரீதருக்கு மாறும் முன்

ரீபிரீதர் எனப்படும் மறுசுவாசக் கருவி, முக்குளிப்பவர் விடும் மூச்சைத் தண்ணீரில் கரையவிடாமல் பிடித்து, அதிலுள்ள கரியமில வாயுவை நீக்கி, குறைந்துபோன ஆக்சிஜனைச் சேர்த்து, அவருக்கே திருப்பித் தருகிறது. வழக்கமான ஸ்கூபாவில் சிலிண்டரிலிருந்து ரெகுலேட்டர் வழியாக வரும் காற்று ஒரே ஒருமுறை நுரையீரலுக்குள் போய்வந்து குமிழியாக மேலேறிவிடும். அதைத் திறந்த சுற்று என்பார்கள். ரீபிரீதர் மூடிய சுற்று. முன்னதில் எவ்வளவு பழகிய பின் பின்னதற்கு மாறலாம் என்பதற்கு ஒற்றை எண்ணில் விடை கிடையாது. இரண்டும் பழுதாகும் விதத்தில்தான் விடை இருக்கிறது.

மாறத் தூண்டும் காரணம் எளிமையானது. இழுக்கும் காற்றில் 21 விழுக்காடு ஆக்சிஜன். விடும் மூச்சிலும் 16, 17 விழுக்காடு மிஞ்சியிருக்கும். ஆழம் கூடக்கூட இந்த வீணடிப்பும் பெருகும். 40 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப்போல் 5 மடங்கு. நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிப்பவருக்கு அங்கே 100 லிட்டர் செலவாகும். 200 பார் அழுத்தத்தில் நிரப்பிய 3 லிட்டர் சிலிண்டர் கொள்ளும் 600 லிட்டர் காற்று, 6 நிமிடத்தில் காலி. உடல் உண்மையில் பயன்படுத்தும் ஆக்சிஜனோ, எந்த ஆழத்திலும் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1 லிட்டர்தான். அதே சிலிண்டரில் ஆக்சிஜனை நிரப்பி ரீபிரீதரில் பொருத்தினால் கணக்குப்படி 10 மணி நேரம் வரும். கூடவே சத்தமும் குமிழிகளும் இல்லாததால் மீன்கள் மிரளுவதில்லை. ஹவாயின் பிஷப் அருங்காட்சியக மீனியலாளர் ரிச்சர்ட் பைல், வெளிச்சம் மங்கும் ஆழங்களில் புதிய மீனினங்களைத் தேடிச் சேகரிக்க 1990களிலிருந்தே இக்கருவியைத்தான் நம்பினார்.

இந்தக் கருத்து புதிதல்ல. இங்கிலாந்தின் ஹென்றி ஃபிளூஸ் 1878இலேயே ஆக்சிஜன் ரீபிரீதரை உருவாக்கிவிட்டார். 1880இல் செவர்ன் ஆற்றடிச் சுரங்கம் வெள்ளத்தில் மூழ்கியபோது, நீண்ட காற்றுக்குழாயை இழுத்துக்கொண்டு போக முடியாத இடத்துக்கு அலெக்சாண்டர் லாம்பர்ட் இக்கருவியோடு சென்று இரும்புக் கதவை அடைத்தார். ஆனால் தூய ஆக்சிஜன் 6 மீட்டருக்குக் கீழே நஞ்சாகத் தொடங்கும். அதனால் இன்றைய கருவிகளில் இரண்டு சிலிண்டர்கள்: ஒன்றில் ஆக்சிஜன், மற்றதில் அதை நீர்க்கச்செய்யும் காற்று அல்லது ஹீலியக் கலவை. விட்ட மூச்சு நெளிகுழாய் வழியாகப் போய், 2, 3 கிலோ சோடாச் சுண்ணாம்புத் துகள்கள் அடைத்த கலத்தில் கரியமில வாயுவை இழக்கிறது. மூன்று உணரிகள் ஆக்சிஜன் அழுத்தத்தை அளக்கின்றன; மின்வால்வு தேவையானதைச் செலுத்துகிறது. சிலிண்டரில் 10 மணி நேரத்துக்கு ஆக்சிஜன் இருந்தாலும் சுண்ணாம்பு சில மணி நேரமே தாங்கும். குளிர்ந்த நீரிலும் கடும் உழைப்பிலும் அது இன்னும் சீக்கிரம் தீரும்.

திறந்த சுற்று பழுதானால் அது தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும். காற்று பீறிட்டு வெளியேறும், அல்லது இழுக்க இழுக்க வராது. ரீபிரீதர் பழுதானாலும் மூச்சு தடையின்றி வந்துகொண்டே இருக்கும். ஆனால் அது உயிர் தாங்கும் மூச்சாக இருக்காது. இருவகைக் கருவிகளுக்கும் இடையிலுள்ள மிகப் பெரிய வேறுபாடு இதுதான். ஆக்சிஜன் அழுத்தம் 0.16 பாருக்குக் கீழே இறங்கினால் நினைவு தப்பலாம், 1.6 பாரைத் தாண்டினால் வலிப்பு வரலாம். இரண்டுமே முன்னறிவிப்பின்றி வரக்கூடியவை. சுற்றில் ஆக்சிஜன் 10 விழுக்காடாகக் குறைந்துவிட்டதாகக் கொள்வோம். 40 மீட்டரில் அது 0.5 பார், ஒரு தொந்தரவும் தெரியாது. மேலே ஏற ஏற அதே கலவை 0.1 பாராகி, கரையைக் கண்ணால் பார்க்கும் தூரத்தில் மனிதரை வீழ்த்தும்.

உணரிகளும் மூப்படையும். மூன்றில் இரண்டு சொல்வதைக் கருவி நம்பும் என்பது பாதுகாப்பான ஏற்பாடாகவே தோன்றும். ஆனால் ஒரே நாளில் வாங்கிய இரண்டு உணரிகள் சேர்ந்தே சோர்ந்து குறைத்துக் காட்டினால், சரியாகச் சொல்லும் மூன்றாவது ஓரங்கட்டப்படும்; ஆக்சிஜன் ஏறிக்கொண்டே போகும். சுண்ணாம்பைத் தளர்வாக நிரப்பியிருந்தாலோ மூச்சு இடைவெளி வழியே சுத்தமாகாமல் திரும்பிவரும். கரியமில வாயு ஏறினால் மூச்சுத்திணறல், குழப்பம், பீதி. வாயில் இருப்பதை ஓரிரு நொடி எடுத்துவிட்டு அவசரத்துக்கென்று கூடவே கொண்டுவரும் திறந்த சுற்று ரெகுலேட்டரைக் கவ்வுவதுகூட அந்நிலையில் பெரும்பாடு. மெல்பர்னைச் சேர்ந்த மருத்துவர் ஆண்ட்ரூ ஃபாக் 2013இல் வெளியிட்ட ஆய்வு, 1998 முதல் 2010 வரை 181 ரீபிரீதர் மரணங்களைப் பரிசீலித்தது. மரண அபாயம் திறந்த சுற்றைவிட 4 முதல் 10 மடங்கு என்று அது மதிப்பிட்டது.

ஆகவே திறந்த சுற்றில் சேர்க்க வேண்டியது எண்ணிக்கையை அல்ல, உபரிக் கவனத்தை. மிதப்பைக் காப்பது, ஏறும் வேகத்தைக் கட்டுப்படுத்துவது, உடலில் கரைந்த வாயு வெளியேற ஏறும் வழியில் செய்யும் நிறுத்தங்களில் நடுநீரில் அசையாமல் நிற்பது, முகமூடியில் புகுந்த நீரை வெளியேற்றுவது, துணைக்கு வந்தவரைக் கண்காணிப்பது ஆகியவை யோசிக்காமல் கைவந்திருந்தால்தான் கண்ணும் மனமும் ஆக்சிஜன் அளவுகாட்டிக்கு மிஞ்சும். காற்றுக் கணக்கும் அப்படியே. கருவியை விட்டுத் தப்பி ஏற ரீபிரீதர் முக்குளிப்பவர் வழக்கமாகத் திறந்த சுற்றுச் சிலிண்டர் ஒன்றைச் சுமக்கிறார். ஆழத்திலிருந்து, பதற்றத்தில் இரட்டிப்பான மூச்சோடு, நிறுத்தங்களையும் முடித்து வெளிவர அதில் எவ்வளவு வேண்டும் என்பதைத் திறந்த சுற்றில் பழகியவரே சரியாகக் கணக்கிடுவார்.

ஆனால் பழக்கம் இடறவும் செய்யும். திறந்த சுற்றில் ஆழ்ந்து மூச்சிழுத்தால் உடல் சற்று மேலெழும், விட்டால் தாழும். பல ஆண்டு பழகியவர் இதைக்கொண்டே பாறைகளைத் தாண்டுவார். மூடிய சுற்றில் காற்று நுரையீரலுக்கும், விட்ட மூச்சைத் தாங்கும் கருவியின் மூச்சுப்பைக்கும் இடையே இடம் மாறுவதோடு சரி, மிதப்பு மாறாது. நூற்றுக்கணக்கான முறை மூழ்கியவரும் முதல் நாளில் புதியவர்போல் தடுமாறுவது இதனால்தான்.

பயிற்சி நிறுவனங்கள் வெவ்வேறு அளவு வைத்திருக்கின்றன. பி.ஏ.டி.ஐ. நிறுவனத்தின் பொழுதுபோக்கு நிலைப் பயிற்சிக்கு 25 முறை மூழ்கிய அனுபவமும் நைட்ராக்ஸ் எனப்படும் ஆக்சிஜன் கூட்டிய காற்றில் மூழ்குவதற்கான சான்றும் போதும், ஜி.யூ.இ. அமைப்பு திறந்த சுற்றிலேயே தொழில்நுட்ப முக்குளிப்பைக் கற்றுவரச் சொல்கிறது. 25 என்பது மிகக் குறைவு. வெவ்வேறு கடல்களில், மங்கலான நீரிலும் நீரோட்டத்திலும் நூறு முறையாவது மூழ்கி, நிறுத்தங்களோடு ஏறும் பயிற்சியையும் முடித்தவருக்கு மாறுவது பொருந்தும். அமைதியான ஒரே கடற்கரையில் இருநூறு முறை இறங்கியவரைவிட அவர் தயாரானவர்.

மாறிய பிறகு கணக்கு முறையும் மாறுகிறது. ரீபிரீதர் பழக்கத்தை மணி நேரங்களில் எண்ணுவார்கள். முதல் 10 மணி நேரத்தில் தன்னை வல்லுநராக நினைத்ததையும், நூறு மணி நேரம் ஆனபோதுதான் தான் தொடக்கநிலையில் இருப்பது புரிந்ததையும் பைல் எழுதியிருக்கிறார். அதுவரை ஆழம் குறைந்த நீரில் தங்கி, ஒவ்வொரு முறையும் சரிபார்ப்புப் பட்டியலைப் படித்தே கருவியைப் பூட்டி, அவசர ரெகுலேட்டருக்கு மாறும் பயிற்சியை ஒவ்வொரு இறக்கத்திலும் ஒருமுறையேனும் செய்வது நல்ல பயிற்றுநர்கள் வலியுறுத்தும் வழக்கம்.