மே மாதத்துக் கோபி

ஊர் மாறும் படலம் – 9

கோபிச்செட்டிபாளையத்துக்குக் குடிபோகலாமா என்ற பேச்சை வீட்டில் எடுத்தது நான். அதற்குக் கிடுக்கிப்பிடி போட்டது என் மனைவி. “பொங்கலுக்கும் ஆடிப்பெருக்குக்கும் போயிட்டு ஊரு நல்லாயிருக்குன்னு சொல்லாதீங்க. மே மாசம் போய் இருந்து பார்ப்போம்” என்றாள். போன வாரம் நான் எழுதிய சென்னை மேடவாக்கத்து வீட்டு வாடகைக் கணக்கெல்லாம் அந்த ஒரு வரியில் பின்னுக்குப் போய்விட்டது.

நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை வளர்ந்த ஊர்தான். ஆனால் சென்னையில் உட்கார்ந்து நினைக்கும்போதெல்லாம் அங்கே வாய்க்கால் நுரைத்து ஓடுகிறது, வரப்பில் கொக்கு நிற்கிறது. சினிமாக்காரர்கள் வருடக்கணக்காகப் படம்பிடித்துக் காட்டிய கோபியும் அதுதான். நினைவுக்கும் சினிமாவுக்கும் கோடைகாலம் கிடையாது போலிருக்கிறது.

அண்ணன் வீட்டில் தங்கக் கூடாது என்பது அவளுடைய இரண்டாவது நிபந்தனை. விருந்தாளியாகப் போனால் கறிக்குழம்பு தெரியும், ஊர் தெரியாது. கச்சேரிமேட்டுப் பக்கம் தெரிந்தவர் ஒருவரின் மாடி வீட்டில் பத்து நாள் இருந்தோம். பெரியப்பா மகனான அண்ணனுக்கு இதில் மனத்தாங்கல். “நம்மூட்டுல எடமில்லாமப் போச்சா?” என்று மூன்று நாள் முகம் கொடுக்கவில்லை. நாலாம் நாள் அவரே வண்டியை எடுத்துக்கொண்டு வந்தார்.

அன்று ஒரே காலையில் இரண்டு வாய்க்கால்களைப் பார்த்தோம். முதலில் தடப்பள்ளி. பவானி ஆற்றில் கொடிவேரி அணையிலிருந்து பிரியும் பழைய வாய்க்கால். ஆற்றின் மறுகரையில் இதன் ஜோடி, அரக்கன்கோட்டை வாய்க்கால். இரண்டுக்கும் சேர்த்து 24,504 ஏக்கர் ஆயக்கட்டு. பழைய ஆயக்கட்டு என்பதால் தண்ணீரில் முன்னுரிமை. வருடத்தில் இரண்டு போகத்துக்குத் திறப்பார்கள். நாங்கள் போனபோது சித்திரைக் கடைசியில் திறந்துவிட்ட தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நாற்றங்கால் பச்சை. என் மகள் காலை நனைத்துக்கொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றாள். நான் மனைவியை வெற்றிப் பார்வை பார்த்தேன்.

பிறகு அண்ணன் வண்டியைத் தெற்கே விட்டார். கீழ்பவானிக் கால்வாய். 1948இல் தொடங்கி 1955இல் முடித்த பவானிசாகர் அணையிலிருந்து வருவது. சுமார் 200 கிலோமீட்டர் ஓடி 2,07,000 ஏக்கருக்குப் பாய்வது. ஆற்றைப் போல அகலமான அந்தக் கால்வாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. நடுவில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. நான் விலை விசாரித்து வைத்திருந்த இரண்டு ஏக்கர் இந்தப் பக்கம்தான்.

ஊர்ப் பெயர்களே இதைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கின்றன. எங்கள் மாவட்டத்தில் நஞ்சை புளியம்பட்டி உண்டு, புஞ்சை புளியம்பட்டியும் உண்டு. சின்ன வயதில் பஸ் மாறி ஏறிவிடக் கூடாது என்பதற்காக மட்டுமே அந்த வித்தியாசம் எனக்குத் தேவைப்பட்டது.

கீழ்பவானியில் முழு ஆயக்கட்டுக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் விட முடியாது. ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று பாதிக்குப் பாதியாகப் பிரித்து, 1,03,500 ஏக்கருக்கு ஆகஸ்ட் மாதம் நெல்லுக்கு விடுவார்கள். மீதிப் பாதிக்கு ஜனவரி வாக்கில் கடலை, எள்ளு மாதிரி புஞ்சைப் பயிருக்கு. அது தொடர்ந்து ஓடும் தண்ணீர் அல்ல. விட்டு விட்டு வரும். ஒவ்வொரு தடவைக்கும் ‘நனைப்பு’ என்று பெயர். இந்த வருடம் நாலு நனைப்பா, அஞ்சு நனைப்பா என்பதுதான் டீக்கடைப் பேச்சு. அடுத்த வருடம் பாதிகள் இடம் மாறும். அணை நிறைந்தால்தான் இத்தனையும்.

“இந்த எடம் எந்த மதகு?” என்று என் மனைவி கேட்டாள். அடையாறில் பிறந்தவள். எனக்குப் பதில் தெரியவில்லை.

நிலத்தில் கிணறு இருக்கிறதே என்றேன். அண்ணன் சிரித்தார். “வாய்க்கால்ல தண்ணி போறப்ப எல்லாக் கெணறும் நல்ல கெணறுதானுங்க அம்மிணி. தண்ணி நின்னு ரெண்டு மாசங்கழிச்சு எட்டிப் பாக்கோணும்” என்றார், என்னிடம் சொல்லாமல் அவளிடம். எட்டிப் பார்த்தோம். அடியில் மோட்டார் குழாயின் நுனி தெரிந்தது.

கால்வாய்க் கரை மண்ணாக இருப்பதால்தான் கசிவுநீர் இந்தக் கிணறுகளுக்கு வருகிறது. கரைக்குக் கான்கிரீட் போட 2020இல் அரசாணை வந்ததிலிருந்து மாவட்டமே இரண்டுபட்டுக் கிடக்கிறது. கடைமடைக்காரர்கள் போடு என்கிறார்கள், அவர்களுக்குத் தண்ணீர் போய்ச் சேர்வதில்லை. கிணற்றுக்காரர்கள் போடாதே என்கிறார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிற சண்டை. நிலம் வாங்கினால் அன்றைக்கே நாமும் ஒரு கட்சி. இதை எந்தத் தரகரும் சொல்லப்போவதில்லை.

மற்ற விஷயங்கள் சுருக்கமாக. கோபிக்கு ரயில் கிடையாது, ஈரோட்டுக்குத்தான் போக வேண்டும். ஊரில் அரசு மருத்துவமனை இருக்கிறது. பெரிதாக ஏதாவது என்றால் பெருந்துறை மருத்துவக் கல்லூரி, அல்லது கோயம்புத்தூர். அம்மாவின் சர்க்கரைக்கு இது போதும்.

போதாதது வேறொன்று. “உங்க வேலை லேப்டாப்புல ஏறி வந்துரும். என் வேலை?” என்றாள் என் மனைவி. தணிக்கையாளர் அலுவலகத்தில் பதினான்கு வருடம் இருந்து பெயர் வாங்கியவள். ஊரில் விசாரித்த இடத்தில் அவள் இப்போது வாங்குவதில் மூன்றில் ஒரு பங்கு சொன்னார்கள். பட்டுப்புழு வளர்க்கலாமே என்று யோசனை சொன்னவர்களும் உண்டு. பக்கத்து வீட்டு அக்கா புழு வைத்திருக்கிறார். நாளில் பல தடவை மல்பெரி இலை போட வேண்டும். பக்கத்துக் காட்டில் மருந்து அடித்தால் அந்தக் காற்றுக்கே புழு செத்துவிடும். “புழு வெச்சிருக்கறப்ப தம்பி கல்யாணத்துக்குக்கூட நாம் போகலீங்க” என்றார். பதினான்கு வருடத்தை விட்டுவிட்டு வரும் ஒருத்திக்குச் சொல்லக்கூடிய மாற்று இல்லை அது. பசுமை வேண்டுமென்று ஆசைப்பட்டது நான், சம்பளம் குறைவது அவளுக்கு. இந்தத் தொடரில் எட்டு வாரமாக நான் இதை எழுதாமல் நழுவியிருக்கிறேன் என்பது எனக்கே இப்போதுதான் உறைக்கிறது.

மகள் ஒன்பதாம் வகுப்புக்குப் போகிறாள். அரசுப் பள்ளியில் சேர்த்தால் மருத்துவப் படிப்புக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு கிடைக்குமே என்று நண்பர்கள் சொன்னார்கள். 2020இல் வந்த அந்தச் சட்டம் ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு. இவள் மூன்று வருடம் தாமதம்.

அண்ணன் மகளுக்கு அது உண்டு. பிளஸ் டூ எழுதி முடித்திருந்தாள். கிளம்பும் நாள் மாலை அண்ணன் வீட்டுத் திண்ணையில் எங்கள் திட்டத்தை விலாவாரியாகச் சொன்னேன்: இப்போதைக்கு நிலம் வேண்டாம், ஒரு வருடம் வாடகைக்கு இருந்து பார்ப்பது, மேடவாக்கம் வீட்டைக் காலி செய்வது. அண்ணன் தலையாட்டிக்கொண்டிருந்தார். அண்ணி எழுந்து உள்ளே போய்விட்டார். கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த மகள் மெதுவாகக் கேட்டாள்:

“நீங்க இங்க வந்துட்டீங்கன்னா, நீட்டு கோச்சிங்குக்கு நான் மெட்ராசுல ஆரூட்டுல தங்கறதுங்க சித்தப்பா?”