மாவுச்சத்தைத் தேர்ந்து உண்போம்

மாணவர்களே! பழவங்காடி என்றதும் திருவனந்தபுரத்தில் வாழும் உங்களுக்குக் கணபதி கோயில் நினைவுக்கு வரும். அப்பெயரில் 'அங்காடி' என்னும் பழந்தமிழ்ச் சொல்லும் அமைந்துள்ளது. அங்காடி என்பது கடைவீதி. பண்டை மதுரையில் பகலில் கூடிய கடைவீதியை நாளங்காடி என்றும், இரவில் கூடியதை அல்லங்காடி என்றும் அழைத்தனர். பழவங்காடியிலிருந்து கிழக்குக்கோட்டை வழியே சற்று நடந்தால் சாலைக் கடைவீதியை அடையலாம். திருவிதாங்கூரின் திவானாக விளங்கிய ராஜா கேசவதாசர் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவாக்கிய அங்காடி அது. அரிசி, கிழங்கு, பயறு, சிறுதானியம், பழம், வெல்லம் ஆகிய அனைத்தும் அங்கே கிடைக்கும். அவற்றுள் எவற்றை, எவ்வளவு வாங்குகிறோம் என்பதைப் பொறுத்தே நம் வீட்டாரின் நலம் பெரிதும் அமைகிறது.

ஏன் அறிய வேண்டும்?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னையிலுள்ள நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்துடன் இணைந்து நடத்திய ஆய்வின் முடிவுகள் 2023ஆம் ஆண்டு வெளியாயின. இந்தியாவில் ஏறத்தாழ 10 கோடிப் பேருக்கு நீரிழிவு உண்டு என அவ்வாய்வு கணக்கிட்டது. கேரளத்தில் வயது வந்தோருள் நூற்றுக்கு 25 பேருக்கும் மேல் இந்நோய் உள்ளது. நான்கு பெரியவர்கள் அமர்ந்து உண்ணும் பந்தியில் ஒருவர் நீரிழிவு உடையவர் என்பது இதன் பொருள். உடல் எடை மிகுதல், உடலுழைப்புக் குறைதல், பரம்பரை, உணவுமுறை ஆகியவை இந்நோய்க்குரிய காரணங்கள். இவற்றுள் பரம்பரையை நம்மால் மாற்ற இயலாது. உணவை மாற்ற இயலும்.

மாவுச்சத்து உடலில் என்ன செய்கிறது?

கார்போஹைட்ரேட் எனப்படும் மாவுச்சத்து நம் உடலுக்கு ஆற்றல் தருவது. ஒரு கிராம் மாவுச்சத்திலிருந்து ஏறத்தாழ 4 கலோரி ஆற்றல் கிடைக்கிறது. நாம் உண்ணும் சோறு செரிக்கும்போது குளுக்கோசாக மாறிக் குருதியில் கலக்கிறது. கணையம் சுரக்கும் இன்சுலின் அந்தக் குளுக்கோசை உடலின் உயிரணுக்களுக்குள் செல்லச் செய்கிறது. தேவைக்கு மிஞ்சியது கல்லீரலிலும் தசையிலும் ஓரளவு சேமிக்கப்படும். அதற்கும் மிஞ்சியது கொழுப்பாகி உடல் எடையைக் கூட்டும்.

எல்லா உணவும் ஒரே வேகத்தில் குளுக்கோசாக மாறுவதில்லை. 1981ஆம் ஆண்டு கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஜென்கின்சும் அவருடன் பணியாற்றியோரும் இவ்வேகத்தை அளக்கக் 'கிளைசீமிக் குறியீடு' என்னும் அளவையை வெளியிட்டனர். குளுக்கோசின் அளவை அதில் 100 எனக் கொள்வர். 55 அல்லது அதற்குக் குறைந்த குறியீடு உடைய உணவு குருதிச் சர்க்கரையை மெல்ல உயர்த்தும். 70 அல்லது அதற்கு மேற்பட்டது விரைந்து உயர்த்தும். நார்ச்சத்து நிறைந்த உணவு பெரும்பாலும் மெல்லச் செரிக்கும். நெடுநேரம் பசி தாங்கும். எடையைக் குறைக்க விரும்புவோர் குறைவாக உண்டும் நிறைவு பெற அது துணைசெய்கிறது.

அரிசியும் கிழங்கும்

வெள்ளையாகத் தீட்டிய அரிசியில் தவிடு நீங்கிவிடுகிறது. தவிட்டுடன் நார்ச்சத்தும் பி வைட்டமின்களும் போய்விடுகின்றன. நெல்லை ஊறவைத்து, அவித்து, உலர்த்திப் புழுங்கல் அரிசியாக்கும்போது தவிட்டிலுள்ள வைட்டமின்களின் ஒரு பகுதி அரிசியின் உட்புறம் ஊடுருவுகிறது. கேரளத்தார் விரும்பி உண்ணும் சிவந்த மட்ட அரிசியில் தவிட்டின் ஒரு பகுதியும் எஞ்சியிருக்கும். ஆதலின் தீட்டிய பச்சரிசியினும் இது சிறந்தது. ஆயினும் சிவப்பரிசியும் அரிசியே. இருமடங்கு உண்டால் அதன் நன்மை கெடும்.

மரவள்ளிக்கிழங்கை இந்நகரத்தார் மரச்சீனி என்பர். கேரளத்தின் பிற பகுதிகளில் கப்ப என்பர். தென் அமெரிக்காவில் தோன்றிய இப்பயிரை, 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா திருவிதாங்கூரில் பரப்பினார். 1942ஆம் ஆண்டு ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோயிற்று. அப்பஞ்சக் காலத்தில் ஏழைகளின் பசியைப் போக்கியது இக்கிழங்கே. திருவனந்தபுரத்தை அடுத்த ஸ்ரீகாரியத்தில் 1963 முதல் மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் இயங்கி வருகிறது.

பஞ்சம் தீர்த்த உணவாயினும் உண்ணும் முறையை அறிந்து உண்ண வேண்டும். மரவள்ளியில் மாவுச்சத்து மிகுதி. புரதம் மிகக் குறைவு. இதனால் மீன்குழம்போ பயறோ சேர்த்து உண்பது நன்று. இதில் இயற்கையாகவே நச்சுப்பொருள் சிறிதளவு உண்டு. ஆகவே நன்கு வேகவைத்து, அந்நீரை வடித்துவிட வேண்டும். மேலும், இதனைச் சோற்றுக்குப் பதிலாக உண்ணலாம். சோற்றுடன் சேர்த்து உண்ணலாகாது.

இரு சமையலறைகளின் செல்வம்

தமிழகத்திலிருந்து வந்து இங்கு வாழும் நம் குடும்பங்கள் பலவற்றில் காலையில் இட்லி, நண்பகலில் சோறு, இரவில் தோசை என மூவேளையும் அரிசியே இடம்பெறுகிறது. மாலையில் பழம்பொரியும் மைதாப் பரோட்டாவும் உடன் சேர்ந்துகொள்கின்றன. இவ்வாறு இரண்டு ஊர்களின் சுமையும் ஒரே தட்டில் ஏறுகிறது.

அதே தட்டில் இரண்டு ஊர்களின் நன்மையையும் ஏற்றலாம். கேரளத்திலிருந்து கஞ்சியும் பயறும், புட்டும் கடலைக்கறியும், அவியலும் தோரனும் எடுத்துக்கொள்வோம். பயறும் கடலையும் புரதமும் நார்ச்சத்தும் தந்து அரிசியின் வேகத்தைத் தணிக்கும். தமிழகத்திலிருந்து கேழ்வரகும், கம்பும், சுண்டலும், கீரைக்கூட்டும் எடுத்துக்கொள்வோம். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லி கிராமுக்கும் மேல் சுண்ணாம்புச்சத்து உள்ளது. அதனைச் சர்க்கரை கலந்த கூழாக உண்பதினும் களியாகவோ அடையாகவோ உண்பது நலம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் ஐதராபாத்தில் இயங்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ஆம் ஆண்டு உணவு வழிகாட்டுதல்களை வெளியிட்டது. ஒரு நாள் ஆற்றலில் தானியங்களின் பங்கு 45 விழுக்காட்டிற்கு மிகாதிருப்பது நன்று என்பது அதன் அறிவுரை. தட்டில் பாதியைக் காய்கறி, கீரை, பழம் முதலியவற்றுக்கு ஒதுக்கினால் சோற்றின் அளவு தானே குறையும்.

புட்டியில் மறைந்த சர்க்கரை

சர்க்கரையால் வரும் ஆற்றல் 10 விழுக்காட்டிற்குக் குறைவாக இருத்தல் வேண்டும் என்றும், 5 விழுக்காட்டிற்குக் குறைந்தால் மேலும் நன்று என்றும் உலக நலவாழ்வு அமைப்பு 2015ஆம் ஆண்டு கூறியது. ஐந்து விழுக்காடு என்பது பெரியவர் ஒருவருக்கு ஏறத்தாழ 25 கிராம். அதாவது ஆறு தேக்கரண்டி. இனிப்பூட்டிய குளிர்பானங்கள் பலவற்றில் 100 மில்லி லிட்டருக்குப் பத்துக் கிராம் அளவில் சர்க்கரை உள்ளது. 300 மில்லி லிட்டர் புட்டி ஒன்றைப் பருகினாலே அவ்வளவைக் கடந்துவிடுவோம். தாகத்திற்கு மோரும், கருங்காலியோ பதிமுகமோ இட்டுக் கொதிக்கவைத்த நீரும் இருக்கின்றன.

கருத்தில் கொள்க

நீங்கள் வளரும் பருவத்தினர். எடை குறைப்பதற்காக வேளை உணவைக் கைவிடுதல் தகாது. விளையாட்டுக்கும் படிப்புக்கும் மாவுச்சத்து வேண்டும். நீரிழிவுக்கு மருந்து உண்ணும் தாத்தா, பாட்டி ஆகியோரின் உணவை மருத்துவரைக் கேட்டே மாற்ற வேண்டும். உங்களால் இயன்ற பணி ஒன்று உண்டு. அடுத்த முறை பெற்றோருடன் கடைக்குச் செல்லும்போது அரிசி வாங்குமுன் அதன் நிறத்தைப் பாருங்கள். பொட்டலத்தை எடுக்குமுன் அதன் அட்டவணையைப் படியுங்கள். பையில் ஒரு படி பயறு சேர்க்கச் சொல்லுங்கள்.

பயிற்சி

1. புட்டுடன் கடலைக்கறி சேர்த்து உண்பதால் விளையும் நன்மை யாது?
2. மரவள்ளியை வேகவைத்த நீரை ஏன் வடிக்க வேண்டும்?
3. 'அங்காடி' போலத் தமிழிலும் மலையாளத்திலும் வழங்கும் உணவு சார்ந்த சொற்கள் ஐந்தினை எழுதுக.
4. உங்கள் வீட்டில் ஒரு வாரம் உண்ட உணவைப் பட்டியலிட்டு, அரிசி இடம்பெறாத வேளைகள் எத்தனை எனக் கணக்கிடுக.